சிப்செட் சூட்டைத் தணிக்க எது சரி: பயாஸ் மாற்றமா, விசிறியா, புதுப் பேடா, வேறு மதர்போர்டா?

கோடை தொடங்கியதும் கேமிங் கணினி வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரியாகத்தான் இருக்கிறது. ப்ராசஸரின் வெப்பநிலை ஒழுங்காக இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டும் தன் எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற வெப்பநிலை காட்டும் மென்பொருளைத் திறந்து பட்டியலில் கீழே இறங்கிப் பார்த்தால் சிப்செட் (மதர்போர்டில் பல பாகங்களைப் ப்ராசஸரோடு இணைக்கும் சிப்) என்ற வரிக்கு நேராக 78 அல்லது 82 டிகிரி என்று நிற்கிறது. அதைக் கண்டதும் ஒருவர் தெர்மல் பேட் (சிப்புக்கும் அதன் மேல் உள்ள உலோகத்துக்கும் நடுவே வைக்கும், வெப்பம் கடத்தும் மெத்தை) வாங்கலாமா என்று கேட்கிறார்; இன்னொருவர் சிறிய விசிறி ஒன்றைப் பொருத்தலாமா என்று கேட்கிறார்; மற்றொருவர் போர்டையே விற்றுவிட்டு வேறு வாங்க முடிவு செய்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்.

இந்த வழிகள் எல்லாமே உண்மையில் வேலை செய்பவைதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு கோளாறுக்கான தீர்வு. எது கோளாறு என்று பார்க்காமல் வழியைத் தேர்ந்தால் பணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போகும், எண் மட்டும் அங்கேயே நிற்கும். இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன் என்பதால், ஒப்பீட்டுக்குள் போகுமுன் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

## அந்தச் சூடு யாருடையது?

ப்ராசஸரோடு நேரடியாக இணையாத பாகங்கள், அதாவது சாட்டா டிரைவுகள், நெட்வொர்க், யூஎஸ்பி போர்ட்டுகளில் கணிசமானவை, இரண்டாவது மூன்றாவது எம்.2 எஸ்எஸ்டிகள் (போர்டிலேயே நேராகச் செருகும் சேமிப்பகங்கள்) ஆகியவை, சிப்செட் வழியாகத்தான் ப்ராசஸரை அடைகின்றன. 2004இல் வந்த என்விடியாவின் என்ஃபோர்ஸ்4 காலத்தில் இந்தச் சிப்புக்குச் சிறிய விசிறி வைப்பது வழக்கமாக இருந்தது. அந்த விசிறிகள் ஓரிரு ஆண்டுகளில் கிறீச்சிட்டு நின்றுபோனதைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு நினைவகக் கட்டுப்பாடும் கிராபிக்ஸ் இணைப்பும் ப்ராசஸருக்குள்ளேயே போய்விட, சிப்செட் ஹீட்சிங்க் எனப்படும் ஒரு தட்டையான அலுமினியத் துண்டின் கீழ் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

2019 ஜூலையில் ஏஎம்டியின் எக்ஸ்570 சிப்செட் வந்தபோது அந்த நிலை மாறியது. கார்டுகளையும் எஸ்எஸ்டிகளையும் இணைக்கும் பிசிஐஇ என்ற இணைப்பின் 4.0 வேகத்தைச் சிப்செட் வரைக்கும் கொண்டுவந்த அந்தச் சிப் சுமார் 11 வாட் எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய எக்ஸ்470 எடுத்துக்கொண்டது ஏறக்குறைய அதில் பாதிதான். அதனால் கிகாபைட்டின் எக்ஸ்570 ஆரஸ் எக்ஸ்ட்ரீம் போன்ற மிகச் சில விலையுயர்ந்த போர்டுகளைத் தவிர மற்றவை எல்லாம் சிறிய விசிறியோடு வந்தன. 2020 ஜூனில் வந்த பி550 தன் வழியாகப் போகும் இணைப்புகளைப் பிசிஐஇ 3.0 அளவிலேயே நிறுத்திக்கொண்டதால் விசிறி இல்லாமல் சமாளித்தது. இன்டெல் பக்கம் இசட்690 போன்றவற்றின் மதிப்பு 6 வாட்தான்.

இந்த 11 வாட்டை அதற்கு நேர் மேலே இருக்கும் பாகத்தோடு வைத்துப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3070 கார்டின் மதிப்பு 220 வாட். 3080க்கு 320 வாட். சாதாரண டவர் கேபினெட்டில் கார்டு படுக்கைவசத்தில் இருக்கும், அதன் விசிறிகள் கீழே பார்த்திருக்கும், சிப்செட்டின் ஹீட்சிங்க் அந்த விசிறிகளுக்குச் சற்றுக் கீழே, மதர்போர்டின் மேல் படிந்திருக்கும். கார்டு இரண்டரை அல்லது மூன்று ஸ்லாட் தடிமன் கொண்டதாக இருந்தால், கார்டும் சிப்செட்டும் ஒரே குறுகிய இடைவெளியிலிருந்து காற்றை எடுக்கப் போட்டி போடுகின்றன. கார்டின் பக்கவாட்டில் வெளியேறும் சூடான காற்றில் ஒரு பகுதி மதர்போர்டில் மோதித் திரும்பி அதே இடைவெளிக்குள் வந்து தங்குகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முதல் நீண்ட ஸ்லாட்டில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு சிப்செட் வழியாகப் போவதில்லை. அதன் 16 பிசிஐஇ பாதைகளும் நேராக ப்ராசஸருக்குப் போகின்றன. ஆகவே கேம் ஆடும்போது சிப்செட்டின் வெப்பநிலை 20 டிகிரி ஏறினால், அந்த 20 டிகிரியில் பெரும்பங்கு சிப்செட் உழைத்துச் சேர்த்ததன்று. மேலே இருக்கும் கார்டு தந்தது.

## எத்தனை டிகிரிக்கு மேல் கவலைப்பட வேண்டும்?

ப்ராசஸரைப் போலச் சிப்செட் குளிர்ந்திருந்தால் கூடுதல் வேகம் எதுவும் கிடைப்பதில்லை. 60 டிகிரியிலும் 75 டிகிரியிலும் கேமின் ஃபிரேம் எண்ணிக்கை ஒன்றேதான். என் அளவுகோல் இதுதான்: நீண்ட நேரம் ஆடிய பிறகும் 70க்குள் இருந்தால் அதை மறந்துவிடலாம், 70 முதல் 80 வரை என்றால் செலவில்லாத வழிகளை மட்டும் செய்து பார்க்கலாம், 85ஐத் தாண்டி அங்கேயே நின்றால் வேலையில் இறங்க வேண்டும். அறையின் வெப்பத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் 36 டிகிரி இருக்கும் அறையில் 78 காட்டும் கணினி, ஏசி ஓடும் 25 டிகிரி அறையில் ஏறக்குறைய 67 காட்டும். குளிர் நாட்டுக்காரர் தம் கணினியில் 58தான் வருகிறது என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நம் போர்டில் கோளாறு என்று முடிவு கட்டுவது சரியன்று.

வெப்பத்தின் மேல் தவறாகப் பழி விழும் ஒரு கோளாறையும் சொல்ல வேண்டும். ஏஎம்டி 500 வரிசைச் சிப்செட் போர்டுகளில் யூஎஸ்பி கருவிகள் இடையிடையே துண்டித்துப்போகும் சிக்கல் இருந்ததை அந்நிறுவனமே 2021 தொடக்கத்தில் ஒப்புக்கொண்டு, அஜீசா 1.2.0.2 என்ற ஏஎம்டியின் தொடக்க நிரலைக் கொண்ட பயாஸ் (மதர்போர்டில் பதிந்திருக்கும், கணினியைத் தொடக்கும் மென்பொருள்) புதுப்பிப்பின் மூலம் சரிசெய்தது. மவுஸ் திடீரென்று நின்று திரும்ப உயிர்பெறுகிறது என்பதற்காக ஹீட்சிங்கைக் கழற்றத் தொடங்குமுன், பயாஸ் எந்தத் தேதியினது என்று பாருங்கள்.

## செலவுக்கு முன் மூன்று அளவீடுகள்

அறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு கீழே உள்ள மூன்றையும் ஒரே நாளில் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் போதும்.

முதலாவது, எதையும் ஓட்டாமல் டெஸ்க்டாப்பில் கணினியைச் சும்மா விட்டு, சிப்செட் எந்த எண்ணில் நிலைகொள்கிறது என்று பார்ப்பது. இரண்டாவது, ஃபர்மார்க் போலக் கார்டை மட்டும் வாட்டும் மென்பொருளை ஓட்டிப் பார்ப்பது. மூன்றாவது, கார்டுக்கு வேலை கொடுக்காமல், சிப்செட் வழியாக இணைந்த எம்.2 எஸ்எஸ்டியில் பெரிய கோப்புகளை இடைவிடாமல் எழுதியும் படித்தும் பார்ப்பது.

சும்மா இருக்கும்போதே அறையைவிட 30 டிகிரிக்கு மேல் அதிகமாக இருந்தால், ஹீட்சிங்க் சிப்போடு சரியாக ஒட்டியிருக்கிறதா என்றும், விசிறி சுழல்கிறதா என்றும் சந்தேகப்பட வேண்டும். கார்டை வாட்டும்போது மட்டும் ஏறினால் அது காற்றோட்டக் குறை. எஸ்எஸ்டி வேலையில் மட்டும் ஏறினால் சிப்செட்டே சுமையில் இருக்கிறது என்று பொருள். என்னிடம் வந்த கேள்விகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டாவது வகை.

## எவற்றை வைத்து ஒப்பிடுகிறேன்?

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். அந்த வழி எந்தக் காரணத்தைத் தீர்க்கிறது, கையிலிருந்து போகும் பணமும் நேரமும் எவ்வளவு, இரைச்சல் கூடுமா, எதையாவது உடைக்கும் அல்லது வாரன்டியை இழக்கும் ஆபத்து உண்டா, பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா. இவற்றில் கடைசி இரண்டுக்கும் நான் அதிக எடை கொடுக்கிறேன், ஏனென்றால் சிப்செட்டை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ள நம்மால் முடியாது. அது போனால் போர்டே போனதுதான்.

## வழி 1: பயாஸிலும் ஸ்லாட்டிலும் செய்யும் மாற்றங்கள்

இதற்குச் செலவில்லை, எல்லாவற்றையும் திரும்ப மாற்றிக்கொள்ளலாம், எனவே எல்லோரும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

விசிறியுள்ள போர்டு என்றால், பயாஸில் சிப்செட் விசிறிக்குத் தனி அமைப்பு இருக்கும். பல போர்டுகள் அமைதியான நிலையையே இயல்பாக வைத்திருக்கின்றன. சிப்செட் நன்றாகச் சூடேறிய பிறகே விசிறி சுழலத் தொடங்கும். அதை ஒரு படி உயர்த்தினாலே எண் இறங்கும். இதற்கான விலை இரைச்சல்தான். அந்த அளவுள்ள விசிறி மூவாயிரம் சுற்றைத் தாண்டும்போது எழுப்பும் ஒலி கொசு ரீங்காரம் போன்றது. இரவு அமைதியான அறையில் அது காதை விட்டு அகலாது.

எஸ்எஸ்டி காரணம் என்றால், வேகமான எஸ்எஸ்டியைப் ப்ராசஸரோடு நேரடியாக இணைந்த ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். ஏஎம்4 (ஏஎம்டியின் ஒரு ப்ராசஸர் சாக்கெட் வகை) போர்டுகளில் கார்டுக்கு மேலே, ப்ராசஸருக்கு அருகில் இருக்கும் முதல் எம்.2 ஸ்லாட் பெரும்பாலும் அதுதான். மாற்றுமுன் போர்டின் கையேட்டைக் கட்டாயம் படிக்க வேண்டும். சில போர்டுகளில் ஓர் எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் இரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். புதிய சில போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டின் 16 பாதைகள் 8 ஆகக் குறைந்துவிடும். எஸ்எஸ்டியை இடம் மாற்ற வழியில்லை என்றால் அந்த ஸ்லாட்டை பயாஸில் பிசிஐஇ 3.0க்கு இறக்கலாம். விநாடிக்கு 7,000 மெகாபைட் படிக்கும் எஸ்எஸ்டி அப்போது சுமார் 3,500இல் நின்றுவிடும். பெரிய வீடியோக் கோப்புகளோடு வேலை செய்பவருக்கு அது இழப்பு. கேம் மட்டும் ஆடுபவர் வித்தியாசத்தை உணர்வது அரிது.

கார்டின் வெப்பம் காரணம் என்றால், கார்டின் மின்வரம்பைக் குறைப்பதுதான் இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் மிகவும் வலியுறுத்தும் வழி. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் மின்வரம்பை 80 விழுக்காட்டுக்கு இறக்கினால், 320 வாட் கார்டு 256 வாட்டில் நிற்கும். கேபினெட்டுக்குள் 64 வாட் குறைந்துவிட்டது. சிப்செட் மொத்தமாக உண்டாக்கும் வெப்பத்தைப் போல ஆறு மடங்கு அது. இதில் இழக்கும் ஃபிரேம்கள் மின்வரம்பு குறைந்த விகிதத்துக்கு மிகவும் கீழேதான் இருக்கும், ஏனென்றால் கார்டுகள் கடைசி சில விழுக்காடு வேகத்துக்காகத்தான் மின்சாரத்தைக் கொட்டுகின்றன. திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் ஃபிரேம் எண்ணிக்கைக்கும் அதற்கேற்ப ஓர் உச்சவரம்பு வைத்துவிடுங்கள்.

## வழி 2: கேபினெட்டின் காற்றோட்டம்

பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் முதல் ரூபாய் இங்கே போக வேண்டும். கார்டுக்கும் சிப்செட்டுக்கும் இடையே தேங்கும் காற்றை நகர்த்துவதே நோக்கம் என்பதால், எங்கே விசிறி வைக்கிறோம் என்பது எத்தனை விசிறி வைக்கிறோம் என்பதைவிட முக்கியம். மேல்பக்கம் மூன்று விசிறி வைத்து அழகு பார்ப்பதால் சிப்செட்டுக்குப் பயன் குறைவு. முன்பக்கத்தில் மிகக் கீழே உள்ள விசிறியும், அடிப்பாகத்தில் மேல்நோக்கி ஊதும் விசிறியும்தான் அந்த இடைவெளிக்குக் குளிர்ந்த காற்றைத் தருபவை. அடிப்பாகத்தில் இடம் குறைவு என்றால் 15 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட மெல்லிய 120 மில்லிமீட்டர் விசிறிகள் கிடைக்கின்றன.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவுகள் சில உண்டு. அடியிலிருந்து காற்றை இழுக்கும் விசிறி தரையின் தூசியையும் சேர்த்தே இழுக்கும். கீழே வலைவடிகட்டி இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் கார்டின் இறகுகளுக்குள் சாம்பல் நிறப் பஞ்சு அடைந்துவிடும். கணினியைத் தரையில் வைக்காமல் ஒரு தாழ்வான மணையின் மேலாவது வைக்க வேண்டும். மதர்போர்டின் விசிறி இணைப்பு ஒவ்வொன்றும் பொதுவாக 1 ஆம்பியர், அதாவது 12 வாட் வரைதான் தாங்கும் என்பதால், ஒரே இணைப்பில் பிரிப்பான் போட்டு ஐந்தாறு விசிறிகளை ஏற்றக் கூடாது. விசிறியின் வேகத்தைப் ப்ராசஸரின் வெப்பநிலையோடு இணைத்து வைப்பதும் பலர் செய்யும் பிழை. போர்டில் வசதி இருந்தால் கீழ் விசிறிகளைச் சிப்செட்டின் வெப்பநிலையோடு இணைத்துவிடுங்கள்.

முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாக மூடிய கேபினெட் என்றால் விசிறி சேர்ப்பதில் பெரிய பலன் இருக்காது. கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே கேமை ஆடிப் பாருங்கள். சிப்செட் பத்து டிகிரி இறங்கினால் குற்றவாளி கேபினெட்தான். வலை முகப்புள்ள கேபினெட்டுக்கு மாறுவதே நேர்வழி.

## வழி 3: சிப்செட்டுக்கென்று தனி விசிறி

இரண்டு சூழல்களில் இது சரியான தேர்வு. ஒன்று, போர்டோடு வந்த விசிறி தேய்ந்துபோய் உறுமுகிறது அல்லது நின்றுவிட்டது. மற்றொன்று, விசிறியே இல்லாத போர்டில் கார்டின் நிழல் விழாத இடத்தில் ஹீட்சிங்க் இருக்கிறது.

முதல் சூழலில் புது விசிறி கிடைப்பதுதான் கடினம். சிப்செட் விசிறிகள் போர்டுக்குப் போர்டு வேறு வடிவம், வேறு திருகுத்துளை, வேறு இணைப்பு கொண்டவை. சிலர் அந்த இடத்தில் 40 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள விசிறியை வைக்கிறார்கள். மேலே கார்டு இடிக்காமல் அந்தப் பத்து மில்லிமீட்டருக்கு இடம் இருக்கிறதா என்பதை வாங்குமுன் அளந்து பார்க்க வேண்டும். தூசியால் மட்டும் நின்ற விசிறி என்றால் மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். ஆனால் ப்ளோயரால் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுக்கடங்காமல் சுழலவிட்டால் பேரிங் கெட்டுவிடும்.

இரண்டாவது சூழலில் 40 மில்லிமீட்டர் விசிறியைவிட, காலியான பிசிஐ ஸ்லாட் தாங்கியில் பொருத்தும் 80 அல்லது 92 மில்லிமீட்டர் விசிறியே மேல். பெரிய இறக்கை மெதுவாகச் சுழன்றே அதே அளவு காற்றைத் தரும், இரைச்சலும் குறையும். அது கார்டுக்கும் சேர்த்துக் காற்று தருவதால் இரட்டைப் பயன்.

## வழி 4: பேடையோ பேஸ்டையோ மாற்றுவது

இதைத்தான் எல்லோரும் முதலில் செய்ய விரும்புகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஏன் ஆசை வருகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கே போதும். சிப் ஒரு சதுர சென்டிமீட்டர் என்றும், 11 வாட் முழுவதும் அதன் வழியே மேலே போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் தடிமன் கொண்ட பேடின் வெப்பக் கடத்துதிறன் 3 (வாட்/மீட்டர்-கெல்வின்) என்றால், பேடின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே சுமார் 37 டிகிரி வித்தியாசம் விழும். அதுவே 6 என்றால் 18 டிகிரி. பேடுக்குப் பதிலாக 0.05 மில்லிமீட்டர் அளவில் தெர்மல் பேஸ்ட் இருந்தால் ஒரு டிகிரிகூட விழாது. உண்மையில் வெப்பத்தில் ஒரு பகுதி போர்டின் செம்புத் தளங்கள் வழியாகவும் போய்விடும், சிப்பும் பெரும்பாலான நேரம் முழு 11 வாட்டை எடுப்பதில்லை. அதனால் இந்த எண்கள் அப்படியே வராது. பேடின் தரம் எவ்வளவு முக்கியம் என்பதை அவை காட்டுகின்றன.

சென்ற மே மாதம் என் எக்ஸ்570 போர்டில் இதைச் செய்தேன். அறை 34 டிகிரி. சிப்செட் சும்மா இருக்கும்போது 58, கேமில் 79. ஹீட்சிங்கின் திருகுகள் போர்டின் பின்புறத்தில் இருந்ததால், கார்டு, ப்ராசஸர் கூலர், பதினான்கு கேபிள்கள் என எல்லாவற்றையும் கழற்றிப் போர்டையே வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஹீட்சிங்கை மெல்லத் திருகித் தூக்கியபோது பழைய பேட் இரண்டாகப் பிளந்து, பாதி சிப்பிலும் பாதி உலோகத்திலும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் விளிம்பைச் சுற்றி எண்ணெய்க் கசிவு ஒரு வளையமாகப் படிந்திருந்தது. உலோகத்தில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்ததும்தான், சிப்பின் ஒரு மூலை பேடில் சரியாக அழுந்தவே இல்லை என்பது தெரிந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதே தடிமனில் நல்ல பேடை வைத்து, எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினேன். காலை பத்து மணிக்குத் தொடங்கிய வேலை மாலை நான்கு மணிக்கு முடிந்தது.

மறுபடி அதே 34 டிகிரி அறையில் அளந்தபோது சும்மா இருக்கையில் 54, கேமில் 75. இரண்டிலும் நான்கு டிகிரிதான் இறங்கியிருந்தது. அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான 21 டிகிரி அப்படியே இருந்தது. பேட் தன் வேலையைச் செய்துவிட்டது. கார்டு தரும் வெப்பத்தைத் தடுப்பது பேடின் வேலையே அன்று. கேமில் ஏறும் சூட்டைப் பற்றிக் கவலைப்படுபவர் பேடில் கை வைப்பதில் இருக்கும் சிக்கல் இதுதான்.

இந்த வழியின் ஆபத்துகளையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிப்செட்டின் மேல் ப்ராசஸருக்கு இருப்பது போன்ற உலோக மூடி கிடையாது; சிலிக்கான் வெறுமையாக இருக்கும். ஒரு மூலையை மட்டும் இறுக முடுக்கினால் அதன் விளிம்பு சில்லுடையும். ஒரு மில்லிமீட்டர் பேடுக்காகச் செய்யப்பட்ட ஹீட்சிங்கில் பேஸ்ட் பூசினால் நடுவில் காற்று இடைவெளி விழுந்து முன்பைவிடச் சூடாகும். தடிமன் மிகுந்த பேடை வைத்தால் ஹீட்சிங்க் சாய்ந்து உட்காரும். திருகின் மேல் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரைக் கிழித்தால் கடையில் வாரன்டி கேட்கும்போது வாக்குவாதம் வரும். போர்டு வாங்கி மூன்று ஆண்டு ஆகவில்லை, சும்மா இருக்கும்போது எண் சரியாகவே இருக்கிறது என்றால், இதைத் தொடாதீர்கள்.

## வழி 5: கார்டை நிமிர்த்திப் பொருத்துவது

ரைசர் கேபிள் (கார்டை ஸ்லாட்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் நீட்டிப்பு கேபிள்) வழியாகக் கார்டைக் கண்ணாடிப் பக்கம் பார்த்து நிமிர்த்தினால் சிப்செட்டின் மேல் இருந்த கூரை விலகிவிடும். சிப்செட் எண் இறங்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பல கேபினெட்டுகளில் கார்டின் விசிறிகளுக்கும் கண்ணாடிக்கும் இடையே இரண்டு விரல் இடம்கூட இருக்காது, கார்டு மூச்சுத்திணறும். அரிதாகக் கவலைப்பட வேண்டிய ஒரு பாகத்துக்காக, எப்போதும் கவனிக்க வேண்டிய பாகத்தைச் சூடாக்குவது சரியான பரிமாற்றமாக எனக்குத் தோன்றவில்லை. பிசிஐஇ 4.0 கார்டுக்கு அதே தரத்திலான ரைசர் கேபிள் வேண்டும், பழைய 3.0 கேபிளைப் போட்டால் திரை கறுத்துப்போவதும் கேம் பாதியில் நிற்பதும் நடக்கும். அகலமான கேபினெட் இருந்து, தோற்றத்துக்காகவும் நிமிர்த்த விரும்புபவருக்கு மட்டுமே இது பொருந்தும்.

சிப்செட்டுக்கு வாட்டர் பிளாக் வைப்பதையும் சிலர் கேட்கிறார்கள். ஏற்கெனவே முழு நீர்க்குளிர்ப்பு அமைப்பு கட்டிக்கொண்டிருப்பவர் கூடவே ஒன்றைச் சேர்க்கலாம். 11 வாட்டுக்காகப் புதிதாகத் தண்ணீரைக் கேபினெட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

## வழி 6: மதர்போர்டை மாற்றுவது

ஏஎம்4 ப்ராசஸரைத் தொடர்ந்து வைத்திருப்பவருக்கு, விசிறி இல்லாத பி550 அல்லது 2021இல் பெரிய ஹீட்சிங்குகளோடு வந்த எக்ஸ்570எஸ் போர்டுகள் இருக்கின்றன. ஓர் எஸ்எஸ்டியும் ஒரு கார்டும் மட்டும் வைத்திருப்பவர் எக்ஸ்570இல் பெறுவது எல்லாவற்றையும் பி550இலும் பெறுவார், ஏனென்றால் அந்த இரண்டின் 4.0 வேகமும் நேராகப் ப்ராசஸரிலிருந்தே வருகிறது.

மறைந்திருக்கும் செலவு போர்டின் விலையோடு நிற்பதில்லை. கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் பழைய போர்டோடு கட்டுப்பட்டதாக இருந்தால் புதிதாக வாங்க வேண்டிவரும். பழைய போர்டை விற்கும்போது பாதி விலைகூடக் கிடைக்காமல் போகலாம். ஒரு நாள் முழுவதும் வேலை. சிப்செட் விசிறி செத்து, மாற்று கிடைக்காமல், வாரன்டியும் முடிந்திருந்தால் மட்டுமே இதை நான் சொல்வேன். அப்போதும், அடுத்த ஓராண்டுக்குள் அடுத்த தலைமுறைச் சாக்கெட்டான ஏஎம்5க்கு மாறும் எண்ணம் இருந்தால் அந்தப் பணத்தை அதற்கே வைத்துக்கொள்வது நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | தீர்க்கும் காரணம் | செலவு | இரைச்சல் | ஆபத்து | திரும்ப மாற்றலாமா |
|---|---|---|---|---|---|
| கார்டின் மின்வரம்பு | கார்டின் வெப்பம் | இல்லை | குறையும் | இல்லை | உடனே |
| எஸ்எஸ்டி இடமாற்றம், 3.0 அமைப்பு | சிப்செட்டின் சுமை | இல்லை | மாறாது | குறைவு | எளிது |
| சிப்செட் விசிறி வேகம் | எல்லாவற்றுக்கும் ஓரளவு | இல்லை | கூடும் | விசிறித் தேய்மானம் | உடனே |
| கீழ்ப்பக்க விசிறி | தேங்கிய காற்று | குறைவு | சற்றுக் கூடும் | தூசி | எளிது |
| தனிச் சிறு விசிறி | நின்றுபோன விசிறி, காற்றில்லாத ஹீட்சிங்க் | குறைவு | கூடும் | குறைவு | எளிது |
| பேட் மாற்றம் | சரியாக ஒட்டாத ஹீட்சிங்க் | குறைவு, ஆனால் ஒரு நாள் வேலை | மாறாது | அதிகம் | கடினம் |
| நிமிர்த்திய கார்டு | மேலே மூடிய கார்டு | நடுத்தரம் | கூடலாம் | கார்டு சூடாகலாம் | எளிது |
| போர்டு மாற்றம் | பழுதான போர்டு | மிக அதிகம் | குறையலாம் | நடுத்தரம் | இயலாது |

## யாருக்கு எது?

கேம் ஆடும்போது மட்டும் ஏறுகிறது, கார்டு தடிமனானது என்றால், இன்றிரவே மின்வரம்பை 80 விழுக்காட்டுக்கு இறக்கி ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். போதவில்லை என்றால் கீழ்ப்பக்க விசிறி ஒன்றை வாங்குங்கள். பேடைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

இரண்டு மூன்று என்விஎம்ஈ (பிசிஐஇ வழியாக இயங்கும்) எஸ்எஸ்டிகளை வைத்து ஆடிக்கொண்டே காட்சியைப் பதிவும் செய்பவர், பதிவு எந்த எஸ்எஸ்டியில் விழுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் ப்ராசஸரின் ஸ்லாட்டுக்கு மாற்றினால் வேலை முடிந்தது.

சும்மா இருக்கும்போதே 65ஐத் தாண்டுகிறது, விசிறி நன்றாகச் சுழல்கிறது, போர்டின் வாரன்டியும் முடிந்துவிட்டது என்றால், பேட் மாற்றம் செய்ய வேண்டியவர் நீங்கள்தான். போர்டை எப்படியும் வெளியே எடுக்கப்போகும் நாளோடு, அதாவது கேபினெட் மாற்றும்போதோ ப்ராசஸர் கூலர் மாற்றும்போதோ, இதைச் சேர்த்துக்கொண்டால் உழைப்பு பாதியாகும். வாரன்டி இருக்கிறது என்றால் ஹீட்சிங்கைத் தொடாமல் எண்களைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய அளவுப் போர்டு வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அங்கே பல போர்டுகளில் சிப்செட்டும் எம்.2 எஸ்எஸ்டியும் ஒரே ஹீட்சிங்க் அடுக்கைப் பகிர்ந்துகொள்கின்றன. எஸ்எஸ்டியின் சூடு நேராகச் சிப்செட்டுக்கு இறங்கும். அவர்கள் வெப்பம் குறைவாக வெளியிடும் எஸ்எஸ்டியைத் தேர்வதும், இரண்டாவது எஸ்எஸ்டியைப் போர்டின் பின்புற ஸ்லாட்டில் வைப்பதும் எந்த விசிறியையும்விடப் பயன்தரும்.

என் கணினியில் பேட் மாற்றத்துக்குப் பிறகு அடிப்பாகத்தில் மெல்லிய விசிறி ஒன்றை வைத்தேன். கார்டின் மின்வரம்பை 80 விழுக்காட்டில் நிறுத்தினேன். அதே 34 டிகிரி அறையில், அதே கேமில், சிப்செட் 66இல் நின்றது. போர்டோடு வந்த சிறிய விசிறியை மறுபடி அமைதியான நிலைக்கே மாற்றிவிட்டேன். அடிப்பாகத்து வலையை மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாயடியில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுகிறேன்.